காலேஜ் பணத்துக்கு என்ன வழி? பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கிறேன். ரிசல்ட் வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும்வரை பெற்றோர் என்னிடம் மார்க்கைப் பற்றிக் கேட்பதைவிடப் பணத்தைப் பற்றிக் கேட்பதுதான் அதிகம். வருடா வருடம் அதே சந்தேகங்கள் வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து இந்தியாவுக்குள் படிக்கப் போகிறவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். தொகையும் வருமான வரம்பும் அரசாணையைப் பொறுத்து மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்த வருட அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"டீச்சர், கையில பணமே இல்ல. நேரா பேங்க்ல லோன் போட்டுடலாமா?"

போடலாம், ஆனால் அதைக் கடைசியாகச் செய்யுங்கள். முதலில் கட்டவே வேண்டாத பணம் எவ்வளவு என்று பாருங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிறவருக்கான முதல் பட்டதாரி சலுகை, கட்டண விலக்கு எல்லாம் இதில் வரும். அடுத்தது, கிடைத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். அதுதான் கல்வி உதவித்தொகை. இந்த இரண்டையும் கழித்த பிறகு எவ்வளவு துண்டு விழுகிறதோ, அதற்கு மட்டும் கடன் வாங்குங்கள்.

பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் 4 லட்சம் வாங்கினான் என்று நாமும் 4 லட்சம் எழுதிக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளைக்குச் சலுகை எல்லாம் போக 1.5 லட்சமே போதுமானதாக இருந்திருக்கும். மீதித் தொகைக்குப் பத்து வருடம் வட்டி கட்ட வேண்டியதாகிறது.

"ஸ்காலர்ஷிப்பும் பேங்க்லதான் வருது, லோனும் பேங்க்லதான் வருது. என்ன வித்தியாசம்?"

உதவித்தொகையை அரசோ அறக்கட்டளையோ தருகிறது, வங்கிக் கணக்கு அது வந்து சேரும் இடம் மட்டுமே. கடன் வங்கியின் சொந்தப் பணம், வட்டியோடு திருப்பித் தர வேண்டும். எங்கே கையெழுத்துப் போட்டாலும், இது திருப்பித் தர வேண்டிய பணமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். தனியார் கல்லூரி அலுவலகத்தில் நீட்டும் காகிதத்துக்கு இது இன்னும் அவசியம். ஏன் என்று பின்னால் வரும் ஒரு கேள்வியில் சொல்கிறேன்.

"என்னென்ன சர்டிபிகேட் எடுத்து வைக்கணும்? எப்ப எடுக்கணும்?"

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, தகுதி இருந்தால் முதல் பட்டதாரி சான்று. எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஒரு சான்றுக்கு 60 ரூபாய் கட்டணம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று படிப்படியாக நகரும். ரிசல்ட் வந்த பிறகு ஊரே அந்த வரிசையில் நிற்கும் என்பதால் பொதுத்தேர்வு முடிந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். வருமானச் சான்று மட்டும் பழையதாக இருந்தால் செல்லாது, அந்தக் கல்வியாண்டுக்குப் புதிதாக எடுக்க வேண்டும்.

பெயரையும் இன்றே சரிபாருங்கள். மார்க் ஷீட்டில் 'எஸ். கவிதா', ஆதாரில் 'கவிதா எஸ்', பாஸ்புக்கில் 'கவிதா செல்வம்' என்று மூன்று விதமாக இருந்தால் ஏதாவது ஓர் இடத்தில் விண்ணப்பம் நின்றுவிடும். மார்க் ஷீட்டில் இருப்பதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதற்கேற்ப மாற்றுவதுதான் சுலபம். மாணவர் பெயரிலும் பெற்றோர் பெயரிலும் பான் கார்டு எடுத்துவிடுங்கள், கடனுக்குத் தேவைப்படும்.

"வீட்ல யாரும் டிகிரி படிக்கல. பெரியவன் டிப்ளமோ முடிச்சிருக்கான். சின்னவளுக்கு முதல் பட்டதாரி சலுகை கிடைக்குமா?"

கிடைக்கும். டிப்ளமோ பட்டத்தில் சேராது. குடும்பத்தில் பட்டம் பெற்றவர் யாரும் இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. அஞ்சல் வழியில் வாங்கிய பட்டமும் பட்டம்தான், அதை மறைத்துச் சான்று வாங்காதீர்கள். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் சலுகை. அண்ணன் ஏற்கெனவே இந்தச் சலுகையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தால் தங்கைக்குக் கிடையாது.

2010-11இல் வந்த இந்தத் திட்டத்துக்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால்தான் சலுகை, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் வருடத்துக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் குறையும். பணம் உங்கள் கைக்கு வராது, கட்ட வேண்டிய தொகைதான் குறையும். கலந்தாய்வு விண்ணப்பத்தில் 'முதல் பட்டதாரி' என்ற இடத்தில் 'ஆம்' போட்டுச் சான்றையும் பதிவேற்ற வேண்டும்.

"7.5 சதவீதத்துல சேர்ந்தா நிஜமாவே ஒரு பைசா கட்ட வேண்டாமா?"

ஆம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீடு இது. 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அப்படிச் சேர்ந்த பிள்ளையிடம் கல்லூரி வேறு பெயரில் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். தராவிட்டால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு எழுதுங்கள்.

எந்த வகுப்பை எங்கே படித்தார் என்ற சான்றைப் பள்ளித் தலைமையாசிரியர் தருவார். இடையில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்க வேண்டும். இதற்காக ஜூன் மாத வெயிலில் அலையும் பெற்றோரைப் பார்க்கும்போது, பிளஸ் டூ நடக்கும்போதே வாங்கி வைத்திருக்கலாமே என்று தோன்றும்.

"நாங்க எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வரும்னு சொல்றாங்க, ஆனா காலேஜ்ல முழுப் பணத்தையும் முதல்ல கட்டுங்கறாங்க. என்ன பண்றது?"

என்னிடம் வரும் கேள்விகளில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என்பது, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தருவது. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடருக்குத் தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து தருகிறது. பணம் இல்லை என்பதால்தான் உதவித்தொகை. அதைப் பணம் கட்டினால்தான் சேர்க்கை என்று திருப்பிவிட்டால் திட்டமே பொருளற்றுப் போகிறது. இதற்காகத்தான் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளில் 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஏற்பாடு இருக்கிறது. அதைக் காட்டினால் முன்கூட்டிக் கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், உதவித்தொகை கணக்கில் விழுந்த பிறகு மாணவர் கல்லூரிக்குக் கட்ட வேண்டும்.

கல்லூரி மறுத்தால் வாய்ச் சண்டை வேண்டாம். 'இந்த மாணவர் உதவித்தொகைக்குத் தகுதியானவர், தொகை வந்ததும் கட்டணம் செலுத்துவார்' என்று ஒரு கடிதம் எழுதி முதல்வரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அந்த நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரைப் பாருங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம். முத்திரையிட்ட நகல் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

இதில் நம் பக்கம் ஒரு பொறுப்பும் இருக்கிறது. முன்பு கல்லூரிக்கே போன தொகை இப்போது மாணவர் கணக்கில் விழுகிறது. வந்த வாரமே கல்லூரியில் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். வீட்டுச் செலவில் கரைந்துவிட்டால் கடைசி வருடத்தில் மொத்த பாக்கியும் ஹால் டிக்கெட் நேரத்தில் வந்து நிற்கும்.

"பி.சி., எம்.பி.சி. பிள்ளைங்களுக்கு எதுவும் இல்லையா?"

இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் நலத் துறைகள் வழியாக உதவித்தொகை உண்டு. தொழிற்படிப்புக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் உதவித்தொகை அளவுக்குத் தொகை பெரிதாக இருக்காது என்பதால் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. விண்ணப்பியுங்கள். கல்லூரியில் யூமிஸ் என்ற இணையதளத்தில் உங்கள் விவரம் ஏற்றப்பட்டிருக்கும், அதன் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். சேர்ந்த முதல் மாதமே உதவித்தொகைப் பிரிவு எழுத்தரைப் பார்த்து யூமிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவோ அம்மாவோ கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் போன்ற ஒரு வாரியத்தில் பதிவு செய்திருந்தால், அங்கும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தனித் திட்டம் இருக்கிறது. வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் பீரோவில் வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

"மாசம் ஆயிரம் ரூபா வாங்கினா மத்த ஸ்காலர்ஷிப் கட் ஆகிடுமா?"

ஆகாது. மாதம் ஆயிரம் தரும் திட்டங்கள் இரண்டு. பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் 2022 செப்டம்பரில் தொடங்கியது, ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கியது. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்ந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். அஞ்சல் வழிப் படிப்புக்குக் கிடையாது.

"சாங்ஷன் ஆச்சுன்னு காட்டுது, பணம் மட்டும் வரல."

பத்துக்கு எட்டு பேருக்கு ஆதார்தான் காரணமாக இருக்கும். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக ஆதாரோடு இணைத்திருப்பது வேறு. இரண்டாவதை 'ஆதார் சீடிங்' என்று வங்கியில் சொல்வார்கள். ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு கணக்குதான் அப்படி இணைந்திருக்க முடியும். கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ, பணம் அங்கே போகும்.

ஒரு மாணவியின் பணம் பல மாதமாக வரவில்லை என்று பார்த்தோம். ஆதார் இணையதளத்தில் உள்ளே போய் 'வங்கி இணைப்பு நிலை' என்ற இடத்தை அழுத்தினால், அவள் எட்டாம் வகுப்பில் தொடங்கி மறந்தே போன ஒரு கணக்கின் வங்கிப் பெயர் வந்தது. பணமெல்லாம் அங்கேதான் சேர்ந்திருந்தது. நீங்களும் முதலில் அதைப் பாருங்கள். இணைப்பே இல்லை என்று வந்தால் வங்கியில் சீடிங் படிவம் கொடுங்கள், அல்லது தபால் நிலையத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு தொடங்கினால் அங்கேயே இணைத்துத் தருவார்கள். பழைய கணக்கில் ரொம்ப நாள் வரவு செலவு இல்லாமல் முடங்கியிருந்தால், அடையாள ஆவணம் கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும்.

"சென்ட்ரல் கவர்மென்ட் ஸ்காலர்ஷிப்புக்கெல்லாம் நம்ம பிள்ளைங்க எங்க போறது?"

எங்கும் போக வேண்டாம், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்று, மாநில அளவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இளநிலைப் படிப்புக்கு வருடம் 12,000 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது. கலைக் கல்லூரிப் பிள்ளைகளும் இதற்குத் தகுதியானவர்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தொழில்நுட்பப் படிப்பில் முதலாண்டு சேரும் பெண் பிள்ளைகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) 'பிரகதி' வருடம் 50,000 ரூபாய் தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு 'சக்ஷம்' என்ற பெயரில் அதே தொகை. விண்ணப்பித்தால் மட்டும் போதாது, கல்லூரியில் அதற்கான பொறுப்பாளர் இணையத்திலேயே சரிபார்த்து அனுப்ப வேண்டும். கடைசி நாளுக்கு முன் இரண்டு முறை நினைவூட்டுங்கள். அடுத்த வருடம் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

"ட்ரஸ்ட்ல தர்றாங்களாமே? ஒருத்தர் ரெண்டாயிரம் கட்டினா வாங்கித் தரேன்னாரு."

அந்த இரண்டாயிரத்தைக் கொடுக்காதீர்கள். உண்மையான அறக்கட்டளை எதுவும் பதிவுக் கட்டணம் கேட்பதில்லை. நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் முதல் தலைமுறை மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைக்கிறது. ரிலையன்ஸ் அறக்கட்டளை இளநிலை மாணவர்களுக்குப் படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 2 லட்சம் வரை தருகிறது. ஊர்ச் சங்கங்களும், சில கோயில், மசூதி, தேவாலய அமைப்புகளும் முன்னாள் மாணவர் சங்கங்களும் சத்தமில்லாமல் உதவுகின்றன. ஓடிபி கேட்கிறவர், முன்பணம் கேட்கிறவர், உங்கள் ஏ.டி.எம். கார்டை வைத்துக்கொள்கிறவர் யாராக இருந்தாலும் ஒதுங்குங்கள்.

"சரி, எல்லாம் போக இன்னும் குறையுது. சொத்து இல்லாம பேங்க்ல எவ்வளவு தருவாங்க?"

7.5 லட்சம் வரை சொத்து அடமானமோ வெளியாள் ஜாமீனோ இல்லாமல் வாங்கலாம். அந்தக் கடன்களுக்கு 2015இலிருந்து மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. மாணவர் கட்டத் தவறினால் பாக்கியில் 75 சதவீதத்தை வங்கிக்கு அந்த நிதி தரும். 'ஜாமீன் இல்லையா, அப்போ முடியாது' என்று கிளையில் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். அப்பாவோ அம்மாவோ துணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவது மட்டும் கட்டாயம்.

4 லட்சம் வரை நம் பங்காக எதுவும் போட வேண்டாம். அதற்கு மேல் போனால் 5 சதவீதம் நாம் போட வேண்டும். கல்விக் கட்டணத்தோடு விடுதி, புத்தகம், மடிக்கணினி செலவையும் சேர்க்கலாம். படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், அதற்குப் பின் 15 வருடம் வரை கட்டலாம். பெண் பிள்ளைகளுக்குப் பல வங்கிகள் வட்டியில் அரை சதவீதம் குறைக்கின்றன. கேட்டால்தான் சொல்வார்கள்.

"அப்பாவுக்கு சிபில் ஸ்கோர் மோசம். பிள்ளைக்குத் தர மாட்டாங்களா?"

பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் மதிப்பெண்தான் சிபில். வங்கிகள் இதைப் பார்க்கத்தான் செய்கின்றன, அதை மறைக்க முடியாது. அதனால் அம்மாவைத் துணைக் கடன்தாரராகப் போட்டு முயலுங்கள். பழைய நகைக்கடன், குழுக்கடன், போனுக்கு வாங்கிய தவணைக்கடன் ஏதாவது சில ஆயிரம் பாக்கியோடு நின்றிருந்தால், அதை முடித்துவிட்டு 'பாக்கி இல்லை' சான்று வாங்குங்கள்.

2023இல் கேரள உயர் நீதிமன்றம், சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் மாணவரின் கல்விக் கடனை மறுக்கக் கூடாது, நாளைய தேசத்தைக் கட்டப் போகிறவர்கள் மாணவர்கள் என்ற அடிப்படையில் தீர்ப்புச் சொன்னது. மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

"மேனேஜர் 'இது உங்க ஏரியா பிராஞ்ச் இல்ல'ன்னு அனுப்பிட்டாரு. ரெண்டு பேங்க் ஏறி இறங்கியாச்சு."

பகுதியைக் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நேரில் போய்த் திரும்பி வருவதைவிட, கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட்டு அந்த எண்ணோடு கிளைக்குப் போங்கள். எண் இருந்தால் விண்ணப்பம் இருந்ததற்குச் சாட்சி உண்டு, வாய் வார்த்தையில் முடித்துவிட முடியாது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இந்திய வங்கிகள் சங்கம் கல்விக் கடனுக்கு வகுத்திருக்கும் மாதிரித் திட்டப்படி, கிளை மேலாளர் தனக்கு மேல் உள்ள அதிகாரியின் ஒப்புதலோடுதான் கல்விக் கடனை நிராகரிக்க வேண்டும், காரணத்தையும் சொல்ல வேண்டும். எழுத்தில் கேட்டதுமே சில கிளைகளில் 'சரி, பேப்பரை வெச்சுட்டுப் போங்க' என்று குரல் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்டத்தில் உள்ள வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். பல மாவட்டங்களில் ஆட்சியர் நடத்தும் கல்விக் கடன் முகாமுக்கும் போகலாம், எல்லா வங்கியும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் இலவசமாக எழுதலாம்.

"4 லட்சம் வாங்கினா கடைசியில எவ்வளவு கட்டுவோம்? நேராச் சொல்லுங்க."

கணக்குப் போட்டே காட்டுகிறேன். வருடம் 1 லட்சம் வீதம் நான்கு வருடம், வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலத்தில் தனிவட்டிதான். முதல் வருடம் எடுத்த லட்சத்துக்கு, தவணை தொடங்குவதற்குள் ஐந்து வருட வட்டி 45,000 ஏறியிருக்கும். இரண்டாவது லட்சத்துக்கு 36,000, மூன்றாவதற்கு 27,000, நான்காவதற்கு 18,000. மொத்தம் 1,26,000. ஆகத் தவணை தொடங்கும் நாளில் நீங்கள் கொடுக்க வேண்டியது 5,26,000 ரூபாய்.

அதைப் பத்து வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 6,660, மொத்தம் 8 லட்சம். பதினைந்து வருடம் என்றால் மாதம் சுமார் 5,340, ஆனால் மொத்தம் 9.6 லட்சம். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் முதல் வருடம் மாதம் 750, இரண்டாம் வருடம் 1,500, மூன்றாம் வருடம் 2,250, அதற்குப் பிறகு 3,000. அப்படிச் செய்தால் கடன் 4 லட்சத்திலேயே நிற்கும், பத்து வருடத் தவணை மாதம் 5,070 அளவில் இருக்கும். படிப்புக் காலத்தில் வட்டி கட்டுகிறவர்களுக்கு 1 சதவீதம் வட்டிச் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. மாதம் 750 ரூபாய் முடிகிற குடும்பம் என்றால் முதல் வருடமாவது கட்டிப் பாருங்கள்.

"வட்டியை கவர்மென்டே கட்டும்னு சொன்னாங்களே?"

சிலருக்குக் கட்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தரச் சான்று பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ படித்தால், மேலே கணக்குப் போட்ட அந்த 1,26,000 முழுவதையும் மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009-10இலிருந்து இருக்கிறது. பி.ஏ., பி.காம். போன்ற படிப்புகளுக்கு இது கிடையாது. படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் போய்விடும். இளநிலை, முதுநிலை இரண்டில் ஒன்றுக்குத்தான் வாங்கலாம்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பி.எம். வித்யாலட்சுமி இன்னொன்று. தேசியத் தரவரிசையில் முன்னால் இருக்கும் கல்லூரிகளிலும் மத்திய அரசு நிறுவனங்களிலும் மெரிட்டில் சேர்ந்தவர்களுக்கு, வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் கால வட்டியில் 3 சதவீதம் மானியம். வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது. தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் பட்டியலில் இருந்தன. உங்கள் கல்லூரி அந்த வருடப் பட்டியலில் இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

எந்தத் திட்டமாக இருந்தாலும் வருமானச் சான்றைக் கடன் வாங்கும்போதே வங்கியில் கொடுத்துவிடுங்கள். மானியம் கோர வேண்டியது வங்கிதான். வருடா வருடம் கணக்கு அறிக்கையில் வரவாகியிருக்கிறதா என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

"மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்ந்துட்டோம். லோன் கிடைக்குமா?"

கிடைக்கலாம், ஆனால் வங்கியின் விருப்பத்தைப் பொறுத்தது. அரசின் கட்டணக் குழு நிர்ணயித்த தொகை அளவுக்குத்தான் பெரும்பாலும் தருவார்கள். ரசீது இல்லாமல் கொடுத்த நன்கொடைக்கு எந்த வங்கியும் கடன் தராது. முதல் பட்டதாரி சலுகை போய்விடும் என்பதை மேலேயே சொன்னேன், 7.5 சதவீதமும் போய்விடும். கலந்தாய்வில் கொஞ்சம் கீழே இருக்கும் கல்லூரி கிடைக்கும் என்றால், பல குடும்பங்களுக்கு அதுவே மேல் என்பது என் கருத்து.

"காலேஜ்லயே ஒரு டெஸ்க் போட்டு, வட்டியே இல்லாத லோன்னு தர்றாங்க."

அது பெரும்பாலும் தனியார் நிதி நிறுவனத்தின் கட்டணத் தவணைக் கடன். படித்து முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள், அடுத்த மாதமே தவணை தொடங்கும். வட்டி இல்லை என்றாலும் செயலாக்கக் கட்டணம் இருக்கும், ஒரு தவணை தவறினால் அபராதமும் ஏறும். அரசின் வட்டி மானியம் எதுவும் அதற்குப் பொருந்தாது. பெற்றோரின் சிபிலும் அங்கேதான் கெடத் தொடங்குகிறது. வங்கி கைவிரித்து வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு யோசியுங்கள்.

"ஸ்காலர்ஷிப்பும் லோனும் ரெண்டும் வாங்கலாமா? தப்பாகிடாதா?"

வாங்கலாம், தப்பில்லை. உதவித்தொகை கிடைத்ததை வங்கியிடம் சொல்லிக் கடன் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே கல்விக் கட்டணத்துக்கு இரண்டு அரசுச் சலுகை வாங்குவதுதான் கூடாது. உதாரணமாக, போஸ்ட் மெட்ரிக்கில் முழுக் கல்விக் கட்டணமும் வாங்குகிறவர் முதல் பட்டதாரி சலுகையையும் சேர்த்து வாங்க முடியாது.

"அரியர் விழுந்திருக்கு. அடுத்த வருஷப் பணத்தை பேங்க் நிறுத்திடுமா?"

மார்க் ஷீட் கேட்பார்கள். நிறைய அரியர் இருந்தால் சில கிளைகள் தயங்கும். கல்லூரியிலிருந்து 'தொடர்ந்து படிக்கிறார்' என்ற சான்றோடு போங்கள். குறித்த காலத்தில் முடிக்க முடியாவிட்டால் தவணை தொடங்குவதை இரண்டு வருடம் வரை தள்ளிவைக்க மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும்.

"படிச்சு முடிச்சு வேலை கிடைக்கல. வீட்டுக்கு ஆள் வந்து சத்தம் போடறாங்க."

தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குக் கடிதம் கொடுங்கள். வேலையில்லாத காலத்துக்கு ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை என்று, கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணையைத் தள்ளிவைக்க மாதிரித் திட்டம் இடம் தருகிறது. சம்பளம் குறைவாக இருந்தால் தவணையை முதலில் சிறியதாகவும் பின்னால் பெரியதாகவும் மாற்றித் தரக் கேட்கலாம்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வந்தவரின் அடையாள அட்டையையும் வங்கியின் கடிதத்தையும் கேளுங்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள், வங்கிக்கும் பிறகு குறைதீர்ப்பாளருக்கும் புகார் செய்யுங்கள். கடன் பாக்கி வைத்தது குற்றமில்லை, அதற்காகப் போலீஸ் பிடிக்காது. பிள்ளைகளிடம் இதை வீட்டில் சத்தமாகச் சொல்லுங்கள். பயத்தில் வீட்டுக்கே வராமல் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

"எலெக்ஷன் வருது, தள்ளுபடி பண்ணிடுவாங்க. கட்டாம இருக்கலாமா?"

வேண்டாம். வாக்குறுதி நிறைவேறும்வரை வட்டியும் அபராதமும் ஓடிக்கொண்டே இருக்கும், சிபிலும் கெடும். பிறகு வண்டிக் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் அதே சிபிலைத்தான் பார்ப்பார்கள்.

"காலேஜ் மாறணும். ஃபீஸ் முழுசும் கட்டினாதான் ஒரிஜினல் சர்டிபிகேட் தருவேன்னு சொல்றாங்க."

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இல் அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். விலகுகிறவருக்கு எத்தனை நாளுக்குள் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. விலகல் கடிதத்தைத் தேதியோடு கொடுத்து நகல் வாங்குங்கள், அந்தத் தேதிதான் கணக்கு. கடன் இருந்தால் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள், திரும்ப வரும் பணம் கடன் கணக்குக்குப் போக வேண்டும்.

"பொண்ணு பேர்ல லோன். கல்யாணம் ஆகிட்டா யார் கட்டணும்?"

கடன் பெண்ணின் பெயரில், துணைக் கடன்தாரர் அப்பாவோ அம்மாவோ. கல்யாணத்தால் இது மாறாது, கணவரோ மாமியார் வீட்டாரோ பொறுப்பாளி ஆக மாட்டார்கள். ஆனால் நடைமுறையில் அவள் சம்பளத்திலிருந்து தவணை போகும் என்பதால், சம்பந்தம் பேசும்போதே பாக்கி எவ்வளவு, மாதம் எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். 'லோன் இருக்குன்னு சொன்னா வரன் தட்டிப் போகும்' என்று மறைத்துப் பின்னால் பிரச்சினையான வீடுகள் இருக்கின்றன. இந்தப் பயத்தினால் பெண்ணைப் படிக்கவே வைக்காமல் விடுவது அதைவிடப் பெரிய இழப்பு. அவள் சம்பாத்தியம் ஆயுள் முழுக்க வரும், கடன் பத்து வருடத்தில் முடியும்.

கட்டும் வட்டிக்கு வருமான வரியில், எல்லாரும் '80இ' என்று சொல்லும் கழிவு எட்டு வருடம் வரை உண்டு, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும். அவள் பெயரில் ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸும் எடுத்து வையுங்கள். அவளுக்கு ஏதாவது நேர்ந்தால் பாக்கி முழுவதும் துணைக் கடன்தாரரான உங்கள் மேல் வரும். கல்யாணத்துக்குப் பிறகு வீடு மாறினால் புது முகவரியையும் போன் நம்பரையும் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வங்கி நோட்டீஸ் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும்.